இரண்டு அங்குலமும் மூன்றடியும்

அக்கா மகன் ஒரு பிக்கப் வாங்கியிருக்கிறான். தக்காளிக் கூடை ஏற்றுகிற பிக்கப் அல்ல. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வருகிற ஸ்ரீசிட்டியில், 2016-இல் திறந்த தொழிற்சாலையில் தயாராகும் வண்டி. ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. செகண்ட் ஹேண்டில்தான் எடுத்தான். பக்கத்தில் நின்றால் பானெட் என் நெஞ்சுக்கு வருகிறது. ஆனாலும் அவனுக்கு ஒரு குறை: வண்டி தாழ்வாக இருக்கிறதாம். “லிஃப்ட் கிட் போடணும் மாமா. எது நல்லதுன்னு நீங்கதான் படிச்சுச் சொல்லணும்.” பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற கடைசி வாசகன் இவனாகத்தான் இருப்பான்.

வாரம் முழுக்க அதைத்தான் படித்தேன், எரிச்சலோடு. எரிச்சல் பையன்மேல் இல்லை. யார்மேல் என்று இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தலைப்பிலேயே தெரிந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் வண்டி.

பிக்கப்பை உயர்த்த இரண்டு வழி. சேஸிஸுக்கும் கேபினுக்கும் நடுவே கட்டை கொடுத்து உடம்பை மட்டும் தூக்குவது ஒன்று. இது பாடி லிஃப்ட். பெரிய டயர் போட இடம் கிடைக்கும், சேஸிஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொன்று சஸ்பென்ஷனையே உயர்த்துவது. பையன் கேட்பது இதை.

முன்பக்கம் காயில் ஸ்பிரிங். மலிவான வழி, ஷாக் அப்சார்பரின் தலையில் ஒரு ஸ்பேசரை வைத்து இறுக்கிவிடுவது. வண்டி உயரும், ஸ்பிரிங்கும் பழையது, ஷாக்கும் பழையது. சரியான வழி, அந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும் அதோடு பொருந்துகிற ஷாக்கையும் ஜோடியாக மாற்றுவது. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து நீளமான யூ போல்ட் போடலாம். இருக்கிற செட்டில் ஒரு பட்டை கூடுதலாகச் சொருகலாம். முழு செட்டையும் மாற்றலாம். கட்டை வைப்பது சுலபம், செலவும் குறைவு. ஆனால் கட்டை உயர உயர, பிரேக் அடிக்கும்போதும் வேகமெடுக்கும்போதும் அச்சு பட்டையை முறுக்கப் பார்க்கும். கட்டைமேல் கட்டை அடுக்குவது எந்தப் பட்டறையில் நடந்தாலும் குற்றம்.

கூடுதல் பட்டை விஷயத்தை வெளிநாட்டுக் கம்பெனிகள் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி பெட்டியில் போட்டு விற்கின்றன. நம் ஊர் ஸ்பிரிங் பட்டறைக்காரருக்கு அது அன்றாட வேலை. காய்கறி மார்க்கெட்டில் நிற்கிற சின்ன பிக்கப்புகளின் அடியில் குனிந்து பாருங்கள். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒரு பட்டை இருக்கும். அவர்கள் உயரத்துக்காகச் செய்வதில்லை, பாரத்துக்காகச் செய்கிறார்கள். பாரம் இல்லாத நாளில் அந்த வண்டி மாட்டுவண்டி மாதிரி தூக்கிப் போடும்.

அதனால் கிட் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை அங்குலம் என்பதல்ல. எத்தனை கிலோ என்பது. ஆஸ்திரேலியாவில் 1975-இல் தொடங்கிய ஏ.ஆர்.பி. கம்பெனி, ‘ஓல்ட் மேன் ஈமு’ என்ற பெயரில் விற்கிற ஸ்பிரிங்குகளை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. முன்னால் இரும்பு பம்பர் உண்டா, பின்னால் எப்போதும் எவ்வளவு சுமை கிடக்கும் என்று பார்த்துத்தான் ஸ்பிரிங் தேர்வு. பையனின் தொட்டியில் எப்போதும் கிடப்பது ஒரு கூடாரமும் இரண்டு நாற்காலியும். அவனுக்கு எதற்குக் கனமான செட்?

எத்தனை அங்குலம் என்பது இரண்டாவது கேள்வி. இந்த மாதிரி வண்டிகளில் இரண்டு அங்குலம் வரை பெரும்பாலும் வம்பில்லை. அதற்கு மேல் போனால் முன்சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸிலின் சாய்வு கூடி, சி.வி. ஜாயின்ட் தேயும், அதன் ரப்பர் உறை கிழியும். சஸ்பென்ஷனின் மேல் கை சரியான கோணத்தில் நிற்காது, அதையும் மாற்ற வேண்டும். பிரேக் ஹோஸ் எட்டுகிறதா, ஏ.பி.எஸ். வயர் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஹெட்லைட்டைக் கீழே இறக்கி வைக்காவிட்டால் எதிரே வருகிறவர் கண் அவ்வளவுதான். ஈர்ப்பு மையம் உயர்வதால் வளைவில் வண்டி சாய்வதும் கூடும்.

இத்தனைக்கும், பின் அச்சின் நடுவே தொங்குகிற டிஃபரன்ஷியல் குடம் இருக்கிறதே, அது சஸ்பென்ஷனைத் தூக்கினால் ஒரு நூல்கூட உயராது. உயர்வது பட்டைக்கு மேலே இருக்கிற உடம்பு. குடம் உயர வேண்டுமானால் டயர்தான் பெரிதாக வேண்டும். அதுவும் டயர் இரண்டு அங்குலம் பெரிதானால் குடம் ஓர் அங்குலம்தான் உயரும், ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டும். மேட்டில் ஏறும்போது மூக்கு இடிக்காது, இறங்கும்போது வால் இடிக்காது, நடுவயிறு தட்டாது. லிஃப்ட் கிட் தருவது அந்த மூன்று கோணங்களை. இதைச் சொன்னபோது பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சட்டமும் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.டி.ஓ.விடமும் இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் ஸ்பேனரைத் தொடு என்றேன். பட்டறையில் கவனிக்க வேண்டியதையும் எழுதிக் கொடுத்தேன். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட விடாதே. ஸ்பிரிங்கை அமுக்குகிற கருவி இல்லாமல் எவனாவது காயிலைக் கழற்ற வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. அது உயிர்ச் சேதம். புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி எடை இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

குறிப்பை வாங்கிக்கொண்டு கிளம்பியவன், வண்டியை எங்கள் கேட்டிலிருந்து ரிவர்ஸில் தெருவுக்கு ஏற்றினான். பின் பம்பர் ரோட்டில் தட்டியது. இறங்கி வந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: “மாமா, வண்டியா தாழ்வா இருக்கு? உங்க வீடுதான் பள்ளத்துல இருக்கு!”

சரி, ஆரம்பித்தது அவன்தான், நானல்ல.

இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே வருவோம். இப்போது தெருவிலிருந்து இறங்குகிறோம். வீடு எங்கும் போகவில்லை. ரோடு வளர்ந்துவிட்டது. மேல் அடுக்கு 40 மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்தாலும், பழையதைச் சுரண்டாமல் ஏழெட்டு முறை போட்டால் ஓரடி. மழைக்காலத்துக்கு முன் ஒட்டு, பின் ஒட்டு, கேபிள்காரர் தோண்டிய இடத்தில் மேடு, எல்லாம் தனி.

வண்டியை இரண்டு அங்குலம் தூக்க எத்தனை கணக்கு பார்த்தோம்! ஹோஸ் எட்டுமா, வயர் எட்டுமா, விளக்கு யார் கண்ணில் அடிக்கும்? ரோட்டை இரண்டடி தூக்குகிறவர் ஒரே ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. மழைநீர் வடிகாலின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது? பாதாளச் சாக்கடை மூடியை யார் உயர்த்துவது? உயர்த்தாமல் விட்ட மூடி ரோட்டின் நடுவே குழியாகி, டூவீலரை விழுங்கக் காத்திருக்கிறது. வாசலில் புதைத்த சம்ப்பின் மூடி ரோட்டுக்குக் கீழே போனால், முதல் மழையில் குடிக்கிற தண்ணீரில் என்ன கலக்கும்? வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினால் பிரிவு 52. ரோட்டை இரண்டடி தூக்கினால் டெண்டர்.

இதற்கு விதி இல்லாமலில்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்துக்குப் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு துறைகளுக்கு அறிவுறுத்தினார். சுரண்டி எடுத்த தாரும் ஜல்லியும் குப்பை அல்ல. புதுக் கலவையில் அதை எப்படிச் சேர்ப்பது என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 2015-லேயே ஐ.ஆர்.சி. 120 என்று ஒரு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. சுரண்டுகிற மெஷின் இருக்கிறது, பெரிய சாலைகளில் ஓடுவதைப் பார்க்கிறோம். உள் தெருவுக்குள் திரும்புவதற்குள் அதற்கு வழி மறந்துவிடுகிறது.

அதனால் சென்னையில் ஒரு புதுத் தொழில் செழிக்கிறது: வீட்டைத் தூக்குவது. ஹரியானா பக்கத்திலிருந்து வருகிற குழுக்கள் இதில் கைதேர்ந்தவை. சுவரோரம் அஸ்திவாரம் தெரியத் தோண்டுகிறார்கள். சுவரின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இரும்புச் சேனலைக் கொடுத்து, அதன்கீழ் ஜாக்கி வைக்கிறார்கள். லாரி டயர் மாற்றுகிற அதே மாதிரி ஜாக்கிதான். ஆனால் வீடு முழுக்க நூற்றுக்கணக்கில். மேஸ்திரி குரல் கொடுக்க, எல்லா ஜாக்கியும் ஒரே அளவு திரும்ப வேண்டும். ஒரு மூலை முந்தினால் சுவர் விரியும். உயர உயர இடைவெளியில் செங்கல் கட்டி, ஜாக்கியை இடம் மாற்றி, மூன்றடி ஆனதும் நிறுத்திப் பூசுகிறார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் அப்படித் தூக்கினார். பி.எஃப். பணம். தூக்கி முடித்ததும் மேஸ்திரியிடம் அவர் கேட்டது: “எத்தனை வருஷம் தாங்கும்?” மேஸ்திரி சொன்னார்: “வீடு தாங்கும் சார். ரோட்டைப் பத்தி என்னைக் கேக்காதீங்க.”

ஊரையே தூக்கியவர்கள் உண்டு. சிகாகோ, ஏரிக்கரையில் சதுப்பு நிலத்தில் எழுந்த நகரம். 1850-களில் சாக்கடை ஓட வழியில்லாமல் காலராவில் செத்துக்கொண்டிருந்தது. எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற பொறியாளர் திட்டம் போட்டார்: குழாயைத் தரைமேலேயே போட்டு, அதன்மேல் மண்ணைக் கொட்டி, தெருவை உயர்த்துவோம், கட்டடங்கள் பின்னால் உயரட்டும். 1860-இல் லேக் ஸ்ட்ரீட்டில் ஒரு வரிசைக் கடைகளை மொத்தமாகத் தூக்கினார்கள். 320 அடி நீளம், ஏறத்தாழ 35,000 டன், 6,000 திருகு ஜாக்கிகள், 600 ஆட்கள், ஐந்து நாள், 4 அடி 8 அங்குலம். கடைகளில் வியாபாரம் பாட்டுக்கு நடந்தது. பிற்பாடு ரயிலில் படுக்கைப் பெட்டி விட்டுப் பெரும் பணக்காரரான ஜார்ஜ் புல்மேன், அந்தக் காலத்தில் இந்தக் கட்டடம் தூக்கும் தொழிலில்தான் இருந்தார்.

அங்கேயும் ரோடுதான் முதலில் உயர்ந்தது. ஆனால் இன்ன மட்டத்துக்கு உயரும் என்று நகரசபை முன்கூட்டியே சொல்லிவிட்டது. எவ்வளவு தூக்க வேண்டும் என்று கடைக்காரனுக்குத் தெரியும். ஒருமுறை தூக்கினான், முடிந்தது. நம் தெருவுக்கு மட்டம் என்று ஒன்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, அல்லது எழுதியதை யாரும் பார்ப்பதில்லை. எனவே வாத்தியார் மூன்றடி தூக்கினால், ரோட்டுக்கு இன்னும் மூன்றடி வளர இடம் கிடைத்தது என்று ஆகிவிடுகிறது. உயர்த்துகிறவர் ஒருவர், அதற்குப் பணம் கட்டுகிறவர் இன்னொருவர். இந்த ஏற்பாடு இருக்கும்வரை ரோடு உயர்ந்துகொண்டேதான் இருக்கும்.

பையன் விஷயத்தில் என் தீர்ப்பு: எழுத்தில் அனுமதி கிடைத்தால் இரண்டு அங்குலம், லேசான ஸ்பிரிங், ஷாக்கோடு ஜோடியாக. கிடைக்காவிட்டால் நல்ல டயராக, கம்பெனி சொன்ன அளவிலேயே, நான்கு வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசல்படியிலிருந்து ரோடு எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே டேப் பிடித்து அளந்து, தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். தார் லாரி தெருமுனையில் திரும்பும்போது நாலு வீட்டுக்காரர்களாகப் போய் நின்று, “சுரண்டுற மெஷின் எங்கே?” என்று கேளுங்கள். மெஷின் வராமல் தாரைக் கொட்ட விடாதீர்கள். கொட்டி உருட்டிய பிறகு எந்த மனுவாலும் அதைக் கீழே இறக்க முடியாது.