காதுகுத்துக்குப் போய் காது தெரியாவிட்டால்?

'மிரர்லெஸ் காமிரா' என்றால் கண்ணாடி இல்லாத காமிரா என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் விளக்கினேன். "கண்ணாடி இல்லாம எப்படித் தம்பி தெரியும்? எனக்கே தெரிய மாட்டேங்குதே!" என்றார். நியாயமான கேள்வி. போனது உள்ளே படபடவென்று எம்பிக் குதித்துக் கொண்டிருந்த, முகம் பார்க்கிற மாதிரியான கண்ணாடி. 2008-ல் பானசோனிக் ஜி1 வந்தபோது அதற்கு முதல் விடை கொடுத்தார்கள். முன்னால் இருக்கிற லென்ஸ் என்கிற கண்ணாடி எங்கேயும் போகவில்லை. அதன் விலைதான் எங்கேயோ போய்விட்டது.

காமிரா வாங்குவது மாடு வாங்குவது மாதிரி. வாங்கின அன்றைக்கு எல்லோரும் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். தீவனச் செலவு மறுநாள்தான் தெரியும்.

என் அக்கா மகளுக்குத் தெரிந்துவிட்டது. காதுகுத்து, வளைகாப்பு, முதல் பிறந்தநாள் என்று படமெடுத்துக் குடும்பத்துக்குக் கொஞ்சம் கொடுக்கிறாள். கையில் இருப்பது பழசாக வாங்கின சோனி ஏ6400. அதோடு வந்த 16-50 ஜூம் லென்ஸ். வெயிலில் ஜோராக எடுக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் குழந்தை முகத்தில் ரவையைத் தூவின மாதிரி வருகிறது. போன மாதம் ஒரு வீட்டில், "இதுக்கு என் போனே தேவலாம்" என்று சொல்லிப் பாதிப் பணத்தைப் பிடித்துக் கொண்டார்கள்.

"மாமா, சீட்டுப் பணம் வந்திருக்கு. ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். தப்பா வாங்கினா அடுத்த சீட்டு ரெண்டு வருஷம் கழிச்சுதான். எதை வாங்கட்டும்?"

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. காது ஒரு தடவைதான் குத்துவார்கள். "சரியா விழல, இன்னொரு தரம் குத்துங்க" என்று கேட்க முடியுமா?

முதலில் ரவை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அவளுடைய ஜூம் லென்ஸ் 50 மி.மீ.க்கு இழுத்தால் எஃப் 5.6-க்கு மேல் வாயைத் திறக்காது. எஃப் 1.4 லென்ஸ் அதைப் போல் 16 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 5.6, 4, 2.8, 2, 1.4 என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் வெளிச்சம் இரட்டிப்பு. நாலு படி, 16 மடங்கு. இப்படி அகலமாக வாய் திறப்பவை 'பிரைம்' லென்ஸ்கள். ஜூம் கிடையாது. தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரவேண்டுமென்றால் நீங்கள்தான் நடக்க வேண்டும். டாக்டர் சொன்ன வாக்கிங்கும் ஆச்சு.

சரி, காமிரா ஒரு கம்பெனி, லென்ஸ் வேறு கம்பெனி, பொருந்துமா? சோனிக்காரர்கள் தங்கள் ஈ-மவுன்ட்டின் அடிப்படை விவரங்களை 2011-லேயே மற்ற கம்பெனிகளுக்குக் காசு வாங்காமல் திறந்துவிட்டார்கள். அதனால் அங்கே கடைத்தெரு களைகட்டியிருக்கிறது. கேனன் 2018-ல் கொண்டு வந்த ஆர்எஃப் மவுன்ட் அப்படி இல்லை. சிக்மாவும் டாம்ரானும் அனுமதியோடு உள்ளே வர 2024 ஆயிற்று. அதுவும் சின்ன சென்சார் காமிராக்களுக்கான லென்ஸ்களோடு. ஆகவே அடுத்த வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்காதீர்கள். அவர் மவுன்ட் வேறு, உங்கள் மவுன்ட் வேறு.

கடைத்தெருவில் மூன்று ஜாதி லென்ஸ் இருக்கிறது.

ஒன்று, ஜப்பான் சிக்மா. எஃப் 1.4-ல் 16, 30, 56 மி.மீ. என்று மூன்று உருப்படிகள் 2016-லிருந்து வரிசையாக வந்தன. பேர் எடுத்த லென்ஸ்கள்.

இரண்டு, சீனாவின் வில்ட்ராக்ஸ், டிடி ஆர்ட்டிசன் வகையறா. ஆட்டோஃபோகஸ் உண்டு. வில்ட்ராக்ஸின் எஃப் 1.7 வரிசையில் 25, 35, 56 மி.மீ. இருக்கிறது. எடை 200 கிராமுக்கும் கீழே. விலை, சிக்மாவுக்குக் கொடுப்பதில் பாதி, சில சமயம் அதற்கும் கீழே.

மூன்று, செவன் ஆர்ட்டிசன்ஸ் போன்றவர்களின் கையால் திருகும் லென்ஸ். ரொம்ப சல்லிசு. இதை மாட்டினால் காமிராவுக்கு லென்ஸ் மாட்டியதே தெரியாது. மெனுவுக்குள் போய், 'லென்ஸ் இல்லாவிட்டாலும் படமெடு' என்று உத்தரவு போட வேண்டும். கோபுரம், கோலம், இலையில் வைத்த வடை, எல்லாம் அழகாக எடுக்கலாம். தவழுகிற குழந்தையை? நீங்கள் திருகி முடிப்பதற்குள் அது அடுத்த அறையில் சொம்பை உருட்டிக் கொண்டிருக்கும். ஆகவே மூன்றாவது ஜாதி அக்கா மகளுக்கு ஆகாது.

"56 எடுத்துக்கட்டுமா மாமா? பின்னாடி எல்லாம் வெண்ணெய் மாதிரி கரையுது!"

"எங்கே நின்னு எடுப்பே?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏ6400 மாதிரி காமிராவில் ஒரு ஆளை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எடுக்க, 56 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் 14 அடி தள்ளி நிற்க வேண்டும். 30 என்றால் 8 அடி. 25 என்றால் ஆறரை, ஏழு அடி. அவள் போகிற வீடுகளில் ஹால் பத்துக்குப் பத்து. அதில் ஒரு பீரோ, ஒரு கட்டில், இருபது சொந்தக்காரர்கள். 56 மாட்டினால் சுவரை இடித்துக் கொண்டு அடுத்த வீட்டு சமையலறையில் போய் நிற்க வேண்டும்.

வெண்ணெய்க்கும் ஒரு விலை உண்டு. 56-ல் எஃப் 1.4 வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் முகத்தை எடுத்தால், தெளிவாக விழுகிற ஆழம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர்தான். கண் பளிச்சென்று இருக்கும், காது கரைந்து போகும். காதுகுத்துக்குப் போய்க் காது தெரியாவிட்டால் மிச்சப் பாதிப் பணத்தையும் பிடித்துக் கொள்வார்கள்!

மாமா மடியில் குழந்தை, பக்கத்தில் அம்மா என்றால் இரண்டு மூன்று முகமும் தெளிவாக வேண்டும். எஃப் 2, 2.8 என்று வாயை மூடித்தான் ஆக வேண்டும். அப்போது 1.4-க்குக் கொடுத்த கூடுதல் காசு சும்மா தூங்கும். 1.4-க்கும் 1.7-க்கும் வெளிச்சத்தில் அரைப் படிதான் வித்தியாசம்.

இன்னொரு சங்கதி. நம் ஊர் மின்சாரம் 50 சைக்கிள். பழைய டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் வினாடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். வெளிச்சம் நிறைய கிடைக்கிறதே என்று ஷட்டரை 1/500-க்கு ஓட விட்டால் ஒரு படம் வெளுப்பு, ஒரு படம் கறுப்பு, நடுவில் பட்டை பட்டையாக வரிக்குதிரை. 1/100-ல் வைத்தால் பிழைத்தோம்.

சோனியின் சொந்த 35 மி.மீ. லென்ஸில் கை நடுக்கத்தைத் தாங்கும் வித்தை உண்டு. ஏ6400 உடம்பில் அது கிடையாது. மேலே சொன்ன மலிவு லென்ஸ்களிலும் கிடையாது. வீடியோ எடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். குழந்தை ஆடினால் எந்த வித்தையும் உதவாது என்பது வேறு விஷயம்.

எல்லாம் சொல்லிவிட்டு, காசு செலவில்லாத பரிட்சை ஒன்று வைத்தேன். ஜூம் வளையத்தை 25-ல் நிறுத்தி ஒரு விசேஷம், 35-ல் நிறுத்தி ஒரு விசேஷம். நடுவே திருப்பக் கூடாது. கூடவே பழைய படங்களை கம்ப்யூட்டரில் போட்டு, எந்த எண்ணில் அதிகம் எடுத்திருக்கிறாள் என்று எண்ணச் சொன்னேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த எண் ஒளிந்திருக்கும்.

பத்து நாள் கழித்து வந்தாள். "முக்கால்வாசி 22-லேர்ந்து 28-க்குள்ள மாமா! ஐம்பதுல எடுத்ததெல்லாம் மொட்டை மாடியிலதான்."

வில்ட்ராக்ஸ் 25 வாங்கினாள். மீந்த பணத்தில் கூரையில் அடித்துத் திருப்புகிற ஒரு ஃப்ளாஷ், ஒரு பாட்டரி. அக்காவுக்கு மட்டும் வருத்தம். "ஏண்டா தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பெருசா லென்ஸ் இருந்தாத்தானே மதிப்பாங்க?" அதற்கு என்னிடம் லென்ஸ் கணக்கு இல்லை.

நீங்கள் வாங்கப் போகிறீர்களா? பில்லில் கியாரண்டி தருவது யார், ரிப்பேர் என்றால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று முதலில் கேளுங்கள். காமிராவின் மென்பொருள் மாறும்போது லென்ஸுடையதும் மாற வேண்டி வரும். அதைப் புதுப்பிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். வில்ட்ராக்ஸில் மாட்டுகிற பக்கத்திலேயே அதற்கு ஒரு யுஎஸ்பி ஓட்டை உண்டு. கடையிலேயே மாட்டி, ஆளை நடக்கவிட்டுப் பத்துப் படம் எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தையல்காரரிடம் ஒரு டேப்பைக் கடன் வாங்கி ஹாலை அளந்துவிடுங்கள். லென்ஸை மாற்றலாம், சுவரை மாற்ற முடியாது.