உலக்கையும் குழவியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நமது வீட்டுத் திண்ணையில் ஒரு சிறு கலவரம் நிகழ்ந்தது. மோட்டார்ப் பந்தயங்களில் பித்துக்கொண்ட அடுத்த வீட்டுப் பையன் ஓர் ஒலிப்பதிவைக் கொண்டுவந்து நம் காதருகே வைத்து ஓடவிட்டான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கோ தூரத்தில் வண்டு ரீங்கரிப்பது போல் ஒரு சப்தம். அது கிட்ட வர வர வீறிடலாக உயர்ந்து, நம்மைக் கடந்ததும் சட்டென்று சுருதி இறங்கி மறைந்தது. உள்ளேயிருந்து நம் தாயார் எட்டிப் பார்த்து, “யாரடா அது, சீவாளியைக் கடித்துக்கொண்டு நாயனம் வாசிக்கிறவன்?” என்று கேட்டார்.

நாயனமும் அல்ல, நாயனக்காரரும் இல்லை. ஜப்பான் தேசத்து ஹிரோஷிமாவைச் சேர்ந்த மாஸ்டா கம்பெனியாரின் 787பி என்னும் பந்தய வண்டி அது. 1991-ம் வருஷம் ஜூன் மாதம் 22, 23 தேதிகளில் பிரான்ஸ் தேசத்து லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அது முதலாவதாக வந்தது. 1923-ல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில், ஐரோப்பாவும் அமெரிக்காவும் தவிர வேறு கண்டத்தார் செய்த வண்டி எதுவும் அதுவரை ஜயித்ததில்லை. இவ்வளவையும் ஒரே மூச்சில் ஒப்புவித்த பையன், “இந்தச் சத்தம் வேறு எந்த வண்டிக்கும் வராது, சார்!” என்று முடித்தான். ஏன் வராது என்று கேட்டோம், விழித்தான். உண்மையைச் சொன்னால், அப்போது நமக்கும் தெரியாது.

சாதாரண மோட்டார் யந்திரம் உரலும் உலக்கையும் போன்றது. உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாகக் குத்துகிறது. மேலே போன உலக்கை ஒரு கணம் நின்று திரும்ப வேண்டும். கீழே வந்ததும் மறுபடி நின்று திரும்ப வேண்டும். அந்தக் குத்தைச் சுழற்சியாக மாற்றிச் சக்கரத்துக்கு அனுப்ப வேண்டும். இப்படி நின்று நின்று திரும்புவானேன், ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன என்று யோசித்தவர் பெலிக்ஸ் வாங்கல் என்ற ஜெர்மானியர். அவருடைய யந்திரத்தில், இடுப்பு சற்று ஒடுங்கிய நீள்வட்டக் குழியொன்றில், மூன்று முனைகளுள்ள குழவி ஒன்று மையம் தப்பிச் சுழலுகிறது. பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுப்பது, அமுக்குவது, எரிப்பது, புகையை வெளியே தள்ளுவது ஆகிய நான்கு காரியங்களையும் குழவியின் மூன்று பக்கங்களே மாறி மாறிப் பார்த்துக்கொள்கின்றன. வால்வு என்ற பேச்சே இல்லை.

787பி வண்டியில் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இத்தகைய குழவிகள் நான்கு வரிசையாக இருக்கின்றன. நான்கின் கொள்ளளவும் சேர்ந்து 2.6 லிட்டர்தான்; ஆனால் சுமார் 700 குதிரை சக்தி. நடுத்தண்டு ஒருமுறை சுற்றினால் ஒவ்வொரு குழவிக்கும் ஒரு வெடிப்பு. நிமிஷத்துக்கு 9,000 சுற்று என்றால், வினாடிக்கு 600 வெடிப்புகள். கடைத்தெருவுக்குப் போய்வரும் நான்கு உருளை வண்டியில், 3,000 சுற்றில், வினாடிக்கு 100 வெடிப்புகளே உண்டு. வீட்டில் ஹார்மோனியம் இருப்பவர்கள் கட்டையை அழுத்திப் பார்க்கலாம்: வினாடிக்கு 600 அதிர்வு என்பது இரண்டு கட்டைச் சுருதிக்குச் சற்று மேலே நிற்கும்.

சுருதி மட்டுமே விசேஷம் என்று நினைத்துவிடக்கூடாது. பன்னிரண்டு உருளை கொண்ட வண்டிகளும் அந்த உயரத்தை எட்டுகின்றன. வித்தியாசம் வாசலில் இருக்கிறது. வால்வு உள்ள யந்திரத்தில் புகை போகும் வாசல் மெல்ல மெல்லத் திறக்கிறது. இங்கோ குழவியின் முனை வாசலைத் தாண்டிய மாத்திரத்தில் அது விரியத் திறந்துவிடுகிறது. வாயு கடுஞ்சூட்டோடு வெளியே பாய்கிறது. டர்போ என்னும் காற்றாடியும் வழியில் நின்று அதன் வேகத்தை மழுக்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு வெடிப்பும் கூர் குறையாமல் நம் காதுக்கு வந்து சேருகிறது. கடித்த சீவாளி என்று தாயார் சொன்னது தப்பில்லை.

இனி அதைச் செய்தவர்களின் சமாசாரம். 1920-ல் தக்கை செய்வதற்காக ஹிரோஷிமாவில் தொடங்கிய கம்பெனி அது. 1931-ல் மூன்று சக்கரச் சாமான் வண்டிகள் செய்யலாயிற்று. 1945-ம் வருஷம் ஆகஸ்டு 6-ம் தேதி அந்நகரின்மேல் விழுந்த குண்டைப் பற்றி நாம் எழுத வேண்டியதில்லை. தொழிற்சாலைக்கும் நகரத்துக்கும் நடுவே ஹிஜியாமா என்ற சிறு குன்று இருந்தது. அந்த மறைவில் கட்டடங்கள் தப்பின. நகரில் அலுவலகமே இல்லாமற் போய்விட்ட ஜில்லா நிர்வாகம் சிலகாலம் அங்கேதான் குடியிருந்தது. அதே வருஷம் டிசம்பரில் மூன்று சக்கர வண்டிகள் மறுபடியும் வெளிவந்தன. அவற்றின் கியர்ப் பெட்டியைப் பூட்டும் வேலையில், கடற்படையிலிருந்து திரும்பிய ஒரு பட்டதாரி இளைஞர் சேர்ந்தார். கெனிச்சி யமமோட்டோ என்பது அவர் பெயர்.

1961-ல் அந்தக் கம்பெனி, ஜெர்மனியின் என்.எஸ்.யு. ஸ்தாபனத்திடம் வாங்கல் யந்திரத்துக்கு உரிமை பெற்றது. சிறு கம்பெனிகளைப் பெரியவற்றோடு சேர்த்துவிடலாமா என்று ஜப்பானிய அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்த காலம். பிறரிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருந்தாலொழியப் பிழைப்பில்லை. பணம் கொடுத்து வாங்கியது என்னவோ யந்திரம். வந்து சேர்ந்தது ஒரு வியாதியும்கூட. குழவியின் முனைகளில் வாயு கசியாமல் அடைக்கும் பட்டைகள், சுழலும்போது குழியின் சுவரை வரிவரியாகக் கீறிவிட்டன. பிசாசின் நகக்கீறல் என்று அதற்குப் பெயரிட்டார்கள். 1963-ல் யமமோட்டோவின் தலைமையில் 47 பேர் கொண்ட பகுதி ஒன்று ஏற்பட்டது. எஜமானுக்காக உயிர் கொடுத்த 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைகளுக்கும் தெரியும். இவர்களுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. பற்பல உலோகங்களைப் பரீட்சித்த பிறகு, கரியில் அலுமினியம் ஊட்டிய பட்டைகள் கீறலை நிறுத்தின. 1967-ல் அந்த யந்திரம் பூட்டிய வண்டி விற்பனைக்கு வந்தது.

ஜெர்மனியில் மெர்ஸிடஸ் கம்பெனியாரும் இந்த யந்திரத்தைச் சோதனை வண்டிகளில் பூட்டிப் பார்த்துக் கைவிட்டார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டது. என்.எஸ்.யு. ஸ்தாபனமோ 1969-ல் வோக்ஸ்வாகன் குடும்பத்துக்குள் போய்விட்டது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது, பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் இந்த யந்திரம் மாஸ்டாவையும் படாதபாடு படுத்தியது. ஆயினும் விடவில்லை.

லெ மானுக்கு ஜப்பானியக் கோஷ்டி மாஸ்டா யந்திரத்தோடு 1974-ல் போனது. ஓடி முடித்தும் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 1979-ல் தகுதிப் பரீட்சையிலேயே தேறவில்லை. 1981-ல் போன வண்டிகள் பாதியில் நின்றன. 1982-ல் பதினான்காம் இடம். இப்படிக் கணக்கிட்டு வந்தால், 1991-ல் செய்தது பதின்மூன்றாவது பிரயத்தனம். அடுத்த வருஷம் முதல் 3.5 லிட்டர் பிஸ்டன் யந்திரங்களுக்கே அங்கு இடம் என்று விதி எழுதியாகிவிட்டது. குழவிக்கு அதுவே கடைசி வாய்ப்பு.

நாரங்கி வர்ணமும் பச்சையும் தீட்டிய 55-ம் எண் வண்டி பத்தொன்பதாவது இடத்திலிருந்து புறப்பட்டது. பழைய ரக வண்டி ஒவ்வொன்றுக்கும் 24 மணி நேரத்துக்கு 2,550 லிட்டர் எண்ணெய்தான். ஜாகுவார் வண்டிகள் எண்ணெய்க்குப் பயந்து வேகத்தை அடக்கிக்கொண்டன. மெர்ஸிடஸ் வண்டிகள் முன்னே பறந்தன. பெரும் குடியன் என்று பெயரெடுத்த குழவி யந்திரமோ, குழவிக்கு மூன்று தீப்பொறிக் கட்டைகளும், வேகத்துக்கேற்ப நீண்டு குறுகும் காற்றுக் குழாய்களுமாகத் திருந்தி வந்திருந்தது. மறுநாள் பகல், பந்தயம் முடிய மூன்று மணி நேரம் இருக்கையில், முன்னே சென்ற மெர்ஸிடஸ் சூடேறி நின்றுவிட்டது. 362 சுற்றுகள், 4,922 கிலோமீட்டர் ஓடி, ஜாகுவாரை இரண்டு சுற்றுகளால் பின்தள்ளி, 55-ம் எண் வண்டி ஜயித்தது. கடைசியில் ஓட்டிய இங்கிலீஷ்காரர் ஜானி ஹெர்பர்ட் களைப்பால் மயங்கி விழ, அவரை வைத்தியரிடம் தூக்கிச் சென்றார்கள். வெற்றி மேடையில் அவருக்கு நிற்கக் கொடுத்து வைக்கவில்லை.

ஆசிய தேசம் ஒன்று ஜயித்ததும் ஐரோப்பியர் பொறாமைகொண்டு அந்த யந்திரத்தையே தடை செய்துவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. பையனும் அதைத்தான் சொன்னான், கண்கள் சிவக்க. நமக்கும் கேட்க இனிமையாகவே இருந்தது. ஆனால் அது உண்மையல்ல. விதி வெற்றிக்கு முன்பே வகுக்கப்பட்டது. இன்னும் சொல்லப்போனால், ஜாகுவார், மெர்ஸிடஸ் வண்டிகள் 1,000 கிலோ இருக்க வேண்டும் என்று இருந்தபோது, மாஸ்டாவுக்கு 830 கிலோ போதும் என்று சலுகை கொடுத்தவர்கள் அதே அதிகாரிகள். அதைக் கேட்டு வாங்கியது மாஸ்டா கோஷ்டித் தலைவர் ஒஹாஷியின் சாமர்த்தியம். வண்டி ஓட்டிய மூவரும் ஐரோப்பியர். இவற்றையெல்லாம் சொன்னதால் அந்த 47 பேரின் பெருமையில் ஒரு குன்றிமணி குறைந்துவிடும் என்று நாம் கருதவில்லை. பையன் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டான்.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னோம். மூவரில் ஒருவரான வோல்கர் வைட்லர் என்ற ஜெர்மானியர், 1992-ல் காதுக் கோளாறு காரணமாகப் பந்தயத்தையே விட்டுவிட நேர்ந்தது. பல வருஷங்கள் பல யந்திரங்களோடு பழகியவர். ஒரு வண்டியின்மேல் அந்தப் பழியைச் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து நாம் ரசிக்கிற சப்தங்களை நினைக்கும்போது அவர் ஞாபகமும் வரத்தான் வருகிறது.

1992-ல் மாஸ்டா பிஸ்டன் யந்திரம் பூட்டிய வண்டியோடு போய் நான்காவதாக வந்தது. அடுத்தபடியாக ஒரு ஜப்பானிய வண்டி லெ மானில் ஜயிக்க 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று, அது டொயோட்டா. 2011-ல் ஹெர்பர்ட் அதே பாதையில் 787பி வண்டியை மறுபடியும் ஓட்டிக் காட்டினார். பையனிடம் இருப்பது அன்று எடுத்த ஒலிப்பதிவுதானாம்.

விஷயம் விளங்கியதும் அவனைக் கூப்பிட்டு, உலக்கை, ஆட்டுக்கல் உவமையோடு எல்லாவற்றையும் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆட்டுக்கல் என்றால் எப்படி இருக்கும், சார்?” என்றான். தாயார் அவனைக் கொல்லைப்புறம் அழைத்துப்போய், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கிடந்ததைக் காட்டினார். காய்ந்த இலைகளை வாரி எறிந்துவிட்டு, பையன் உட்கார்ந்து குழவியை இரண்டு கைகளாலும் பிடித்துச் சுற்றினான். முதலில் அது அசையவில்லை. பிறகு கரகரவென்று சப்தமிட்டுக்கொண்டு சுற்றத் தொடங்கியது. அவன் காதைக் கல்லருகே கொண்டுபோனான்.