மலைமேல் ஒரு மின்னேற்றி: எரிசக்தி அமைச்சருக்குத் தெல்தோட்டையிலிருந்து திறந்த மடல்

மாண்புமிகு எரிசக்தி அமைச்சர் அவர்களுக்கு,

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடப்பட்டு மின்தேவை வெகுவாகக் குறைந்தமையால், கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை அவற்றின் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. கொழும்பில் தொழில்புரியும் மலையக மக்கள் ஊர் திரும்புவதும், அவர்களுள் மின்சாரக் கார் வைத்திருப்போர் மின்னேற்ற இடம் தேடுவதும் அதே நாட்களில்தான். மிகுந்துபோன மின்சாரமும் வெறுமையான மின்கலமும் ஒன்றையொன்று சந்திக்காமற் போகும் இந்நிலையை மாற்றுவது அமைச்சின் அதிகாரத்துக்கு உட்பட்டதென்பதாலேயே இம்மடல் எழுதப்படுகிறது.

நெடும்பயணத் திட்டமிடல் சமவெளியில் தூரக் கணக்கு மட்டுமே. மலைநாட்டில் அது உயரக் கணக்கும் ஆகிறது. பயணிகளுடன் 1,800 கிலோகிராம் எடையுள்ள கார், சாதாரண ஓட்டச் செலவு நீங்கலாக, 100 மீற்றர் மேலேறுவதற்கு மட்டும் ஏறத்தாழ அரை அலகு, அதாவது அரைக் கிலோவாற் மணி, மின்சாரத்தைச் செலவிடும். 2015ஐ ஒட்டி ஜப்பானிலிருந்து பழைய வாகனங்களாகப் பெருமளவில் வந்த நிசான் லீஃப் கார்கள் பலவற்றின் மின்கலம் புதிதாயிருந்தபோதே 24 அலகுதான். ஆண்டுகள் சென்று கொள்ளளவு சுருங்கிய அத்தகைய கார், கொழும்பிலிருந்து சுமார் 115 கிலோமீற்றர் ஓடி, கடுகண்ணாவை ஏற்றத்தையும் கடந்து, இடையில் மின்னேற்றாமற் கண்டியை அடைவது அரிது. அதற்கப்பாலும் பேராதனையிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறும் வளைவுப் பாதை எஞ்சியிருக்கிறது.

இறக்கத்தின் இயல்பு வேறு. அப்போது மோட்டார் மின்பிறப்பாக்கியாக இயங்கி, ஏறுகையில் செலவான ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்கு மீட்டுத் தருகிறது. மலைமேலேயே மின்கலம் முழுமையாக நிரம்பியிருந்தாலோ, இறங்குகையில் மீளும் ஆற்றலைச் சேர்க்க இடமிராது. ஆகவே, பெருஞ்செலவு பிடிக்கும் விரைவு மின்னேற்றிகளைப் பேராதனை, கம்பளை போன்ற அடிவாரச் சந்திகளில் நிறுவுவதே பொருத்தமானது. அவற்றில் ஜப்பானியக் கார்களுக்குரிய சாடெமோ இணைப்பும், 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீளத் திறக்கப்பட்டபின் வந்த கார்கள் பலவற்றுக்குரிய சிசிஎஸ்-2 இணைப்பும் ஒருங்கே இருத்தல் வேண்டும்.

தெல்தோட்டைக்குத் தேவைப்படுவது 230 வோல்ற், 32 அம்பியரில் ஏறத்தாழ 7 கிலோவாற் தரும் சாதாரண ஆடலோட்ட மின்னேற்றியே. காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, சூரிய மின்சாரம் பெருகும் வேளையில், அது 40 அலகுக்கு மேல் வழங்க வல்லது. உறவினர் வீட்டுக்கு வந்து தங்குவோருக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிகத் தேயிலைச் செய்கையைத் தொடங்கிய, அருகிலுள்ள லூல்கந்துர தோட்டத்தைக் காண வருவோருக்கும் அது போதுமானது. இன்று அவர்களுக்குள்ள வழி, வீட்டுச் செருகியில் இரவு முழுவதும் காரை இணைத்து வைப்பதே. தோட்டத்து லயன் வரிசைக் குடியிருப்பின் பழைய கம்பிகள் பல மணிநேரத் தொடர்ச்சுமைக்கென அமைக்கப்பட்டவை அல்ல; சூடேறித் தீப்பற்றினால் ஒரு காம்பராவோடு நிற்காமல் வரிசையே அழியும். மேலும், மாலையில் வந்து சேர்ந்ததும் இணைக்கப்படும் கார் 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரத்தின் சுமையையும் கூட்டுகிறது.

இது வசதி படைத்தோரின் குறை என்று ஒதுக்கத்தக்கதன்று. 2022இல் எரிபொருள் வரிசைகளில் மக்கள் நாட்கணக்கில் காத்துநின்றபோது, மலையூர்களில் நோயாளியைக் கண்டிக்குக் கொண்டுசெல்ல வண்டி கிடைப்பதே பெரும்பாடாயிற்று. உள்நாட்டுச் சூரிய ஒளியில் ஓடும் வண்டிகள் அத்தகைய ஊர்களுக்கே முதலில் உரியவை.

எனவே, தெல்தோட்டைப் பஸ் நிலையத்தை அண்டியோ பிரதேச செயலக வளாகத்திலோ மேற்சொன்ன 7 கிலோவாற் மின்னேற்றிகள் இரண்டை நிறுவுமாறு அமைச்சர் அவர்கள் பணித்தல் வேண்டும். ஒன்று பழுதடைந்தால் அருகில் மாற்றிடம் இல்லாத மலைப்பாதையில் தனியொன்றை நம்பி எவரும் பயணம் வகுக்க இயலாது. அவை இயங்கும் நிலை புறப்படுமுன்பே தெரியும்படி கைப்பேசியில் வெளியிடப்படுவதும், பகல் நேரக் கட்டணம் இரவுக் கட்டணத்தினும் குறைவாக நிர்ணயிக்கப்படுவதும் அவசியம். எதிர்வரும் சித்திரை விடுமுறைக்கு முன் இவை நிறைவேற வேண்டுமென்பது இவ்வூரின் கோரிக்கை.

இங்ஙனம்,
தெல்தோட்டைவாசி ஒருவர்