மோதிரமும் நாட்பேரும்

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் 1835ஆம் ஆண்டு வகுப்பினர் தொடங்கிவைத்தது வகுப்பு மோதிரப் பழக்கம். உயர்தரம் எழுதிய பிள்ளைகள் சிலர் ஹட்டனில் அதைப்பற்றி ஆசையோடு பேசக் கேட்டேன்.

அந்த ஆசையை நான் இகழமாட்டேன். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக்கூடை சுமந்த பாட்டியின் பேத்தி, படித்து முடித்ததற்கு ஓர் அடையாளம் கேட்பது நியாயமே.

ஆனால் கணக்கு இடிக்கிறது. 2025 அக்டோபரில் ஒரு பவுண் மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டியது. அப்போது தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். கால் பவுண் மோதிரத்திற்கே அம்மா 55 நாட்களுக்குமேல் பேர் போடவேண்டும், செய்கூலி வேறு. தங்கம் சேமிப்புத்தானே என்பார்கள். உண்மை, மலையகத்தில் தோடும் மூக்குத்தியும் அடகுக்கடை வழியாகத்தான் பல பிள்ளைகளைப் படிக்கவைத்தன. எனினும் அடகுக்கடைக்காரர் எடையைத்தான் பார்ப்பார்; பொறித்த பாடசாலைப் பெயருக்கு ஒரு சதமும் தரமாட்டார்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. முப்பது பேரில் ஐந்து பேர் வெறும் விரலோடு நின்றால் அது எந்த வகுப்பின் மோதிரம்?

வெள்ளியில் செய்யலாமா? எல்லோராலும் இயலுமென்றால் தாராளமாக. இயலாதென்றால் குழுப்படம் ஒன்று போதும். பின்புறத்தில் அனைவரின் பெயரும் இருக்கட்டும்.