கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்

கத்தாரிலுள்ள மகன் வீடியோ அழைப்பில் வருகிறார். மடிக்கணினி முன் ஹெட்செட்டுடன் அமர்ந்த உம்மாவுக்கு அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கிறது. பிள்ளைக்குச் சுகமில்லையோ எனப் பதறுகிறார். காலையில் அதே ஹெட்செட்டில் செய்தி தெளிவாகத்தானே கேட்டது?

சகோதரிகளே, பெரும்பாலான புளூடூத் ஹெட்செட்டுகளில் தரமான ஒலி ஒருவழியாகத்தான் வரும். அதிலுள்ள மைக்கும் இயங்கத் தொடங்கினால் இருவழிப் பாதைக்கு மாறி, ஒலியின் தரம் குறைந்துவிடும்.

பரிகாரம் எளிது. அழைப்பின் ஒலி அமைப்பில், பேசுவதற்கு மடிக்கணினியின் மைக்கையும் கேட்பதற்கு ஹெட்செட்டையும் தெரிவு செய்யுங்கள். ஹெட்செட்டின் பெயர் இரண்டு தடவை இருந்தால் 'ஸ்டீரியோ' என்றிருப்பதையே எடுங்கள். குரல் விட்டுவிட்டுக் கேட்டால் ஹெட்செட்டின் சார்ஜைப் பாருங்கள். மடிக்கணினிக்கு அருகில் அமருங்கள்.

பிறகு மகனின் சுகத்தை அவர் குரலே சொல்லும்.