கடன் வாங்கிப் படிக்கிறவனும் சம்பளம் வாங்கிப் படிக்கிறவளும்

போன ஜனவரியில் சித்தி பையனைப் பார்க்க பெர்லின் போயிருந்தேன். நான் இருக்கும் டிரெஸ்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான். ஆனாலும் அவன் ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியும் நான் போனது அது இரண்டாவது தடவை. இரவு பத்தரைக்கு அறைக்கு வந்தான். முதுகில் சாப்பாடு டெலிவரி செய்யும் பெரிய பை. குளிரில் விரலெல்லாம் சிவந்துபோயிருந்தது. "அண்ணே, சாப்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டான்.

அவன் கோவில்பட்டி பக்கம் மெக்கானிக்கல் முடித்தவன். 2022-இல் எனக்கு போன் செய்து, "அண்ணே, ஜெர்மனியில மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு இருக்கேன், என்ன பண்ணணும்?" என்று கேட்டான். எனக்கு அன்று புராஜெக்ட் டெலிவரி. "மதுரையில ஏஜென்ட் இருப்பாங்கடா, அவங்ககிட்ட கேளு, எல்லாம் பண்ணித் தருவாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனும் கேட்டான். அவர்களும் "எல்லாம்" செய்து தந்தார்கள். ஒரு தனியார் பல்கலைக்கழகம், அதற்குக் கட்டணம், வங்கியில் முடக்கி வைக்கும் பணம், விமான டிக்கெட் என்று மொத்தம் 24 லட்சம் ரூபாய் கல்விக்கடன். சித்தப்பா வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது. இப்போது படிப்பு முடிந்துவிட்டது, வேலை தேடும் விசாவில் இருக்கிறான். தவணை ஜூலையில் தொடங்குகிறது.

அதே வாரம் டிரெஸ்டனில் எங்கள் பொங்கல் விழா. பொங்கல் தட்டை கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். திருவாரூர் பக்கம் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர். அப்பா டீக்கடை. இங்கே மெட்டீரியல் சயின்ஸில் பிஎச்டி செய்கிறார். வழக்கம்போல, "ஃபீஸ் எவ்வளவும்மா?" என்று கேட்டேன். சிரித்தார். "அண்ணா, நான் இங்க ஸ்டூடண்ட் இல்ல, எம்ப்ளாயி. எனக்குச் சம்பளம் தர்றாங்க" என்றார். மாதாமாதம் வீட்டுக்கும் அனுப்புகிறாராம்.

பன்னிரண்டு வருடமாக இந்த நாட்டில் குப்பை கொட்டுகிறேன். எனக்கு இது சரியாகத் தெரியாது என்பதுதான் வெட்கம்.

விளம்பரத்தில் ஒரு வரி

ஜெர்மனியில் பிஎச்டி இடங்கள் பெரும்பாலும் வேலை விளம்பரமாகத்தான் வரும். அட்மிஷன் பக்கத்தில் தேடினால் கிடைக்காது, வேலைவாய்ப்புப் பக்கத்தில் தேட வேண்டும். அதில் "டிவி-எல் இ13, 65%" என்று ஒரு வரி இருக்கும். நம்ம ஊர் சம்பளக் கமிஷன் மாதிரி, இங்கே மாநில அரசு ஊழியர்களின் ஊதிய அட்டவணை அது. 13-ஆம் நிலையில் 65 சதவீத வேலைநேரத்துக்கான ஊதியம் என்று அர்த்தம். வரிக்கு முன் மாதம் சுமார் 3,000 யூரோ வரும். மருத்துவக் காப்பீடு, விடுமுறை, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் சேர்த்தி. இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை பேர் அந்த விளம்பரத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள்!

"அவன் பி.இ., அந்தப் பொண்ணு எம்.எஸ்சி., ரெண்டையும் எப்படி ஒப்பிடறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இங்கே பிஎச்டிக்குப் பொதுவாக முதுகலைப் பட்டம் வேண்டும். ஆனால் 2022-இல் அவனுக்கும் வழி இருந்தது. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் மாஸ்டர்ஸுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும். விதிவிலக்கு உண்டு. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017-இலிருந்து வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இல் வாங்க ஆரம்பித்துவிட்டது. மற்ற பல இடங்களில் இன்னும் இலவசம்தான். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ வங்கியில் முடக்கி வைக்க வேண்டும். ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். அது பெரிய தொகைதான். ஆனால் அது கட்டணம் அல்ல, மாதாமாதம் உங்கள் கைக்கே திரும்பி வரும் பணம்.

அடுத்தது எராஸ்மஸ் முண்டுஸ். இரண்டு மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்பு. உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். இந்திய மாணவர்கள் வருடா வருடம் நிறைய பேர் இதை வாங்குகிறார்கள். அதில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

ஏஜென்ட் ஏன் இதைச் சொல்லவில்லை? அவரைத் திட்டிப் பயனில்லை. மாணவரைச் சேர்த்துவிட்டால் தனியார் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. சம்பளம் தரும் பிஎச்டி விளம்பரத்தில் யாருக்கும் கமிஷன் இல்லை. காசு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழிகாட்டிப் பலகையும் இருக்கும். இலவசமான பாதைக்குப் பலகை வைக்க ஆள் இல்லை.

கடிதம் எழுத ஆள்

திருவாரூர்ப் பெண்ணுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அவருடைய எம்.எஸ்சி. பேராசிரியர் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "போட்டுப் பாரும்மா" என்றிருக்கிறார். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். பரிந்துரைக் கடிதத்தை அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு பெரிது என்பதற்கு நம்மிடமே ஒரு கதை இருக்கிறது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் ராமானுஜன். கல்லூரித் தேர்வில் தோற்றவர், பட்டம் இல்லை. அடுத்த வருடமே சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. ஹார்டியின் கடிதம் மட்டும் காரணமில்லை. அதற்கு முன்பே நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கைக்காசு கொடுத்துத் தாங்கினார். துறைமுகத்தில் நாராயண ஐயர் கூட உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்து எழுதினார். மேதைக்கே நாலு பேர் கடிதம் எழுத வேண்டியிருந்தது என்றால் சாதாரணப் பிள்ளைக்கு?

நம் கல்லூரிகளில் பரிந்துரைக் கடிதம் எப்படி வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." அவனும் சீனியர் கடிதத்தில் பெயரை மாற்றிக்கொண்டு போவான். "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, கீழ்ப்படிதல் உள்ளவர்." என் கடிதமும் அப்படித்தான் இருந்தது. இங்கே ஒரு பேராசிரியர் நூறு விண்ணப்பம் பார்க்கும்போது, கீழ்ப்படிதல் என்ற சொல் அவருக்கு ஒன்றுமே சொல்லாது. இந்தப் பையன் இறுதியாண்டு புராஜெக்டில் என்ன செய்தான், எங்கே மாட்டினான், எப்படி வெளியே வந்தான் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

"எல்லாம் கூகுள்ல இருக்கே சார்" என்று என் அலுவலக நண்பர் சொன்னார். இருக்கிறதுதான். ஆனால் "இது எனக்கானது" என்று கூகுள் சொல்லாது. நம்மில் பலர் முதல் பட்டதாரி சான்றிதழ் காட்டி கவுன்சலிங்கில் சேர்ந்தவர்கள். முதல் பட்டம் வரை அரசு கைபிடித்துக் கூட்டி வந்தது. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது.

உள்ளூரிலும் உண்டு

வெளிநாடுதான் வழி என்று நான் சொல்ல வரவில்லை. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் கிடைத்தால் இப்போது மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப்படி. 2018-இல் தொடங்கிய பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 70,000-இல் ஆரம்பித்து 80,000 வரை போகிறது. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க மத்திய சமூக நீதித் துறையின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தனியாக ஒன்று வைத்திருக்கிறது. கிராமத்துப் பையனுக்கு இதைச் சொல்வது யார்?

குறையையும் சொல்லிவிடுகிறேன். கேட் எழுதி எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய். பல வருடமாக அந்தத் தொகை மாறவே இல்லை, விலைவாசி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. பள்ளி முடித்தவுடனே அறிவியல் பக்கம் இழுத்து வந்த கேவிபிஒய் திட்டத்தை 2022-இல் நிறுத்திவிட்டார்கள். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையையும் அதே ஆண்டு நிறுத்தினார்கள். ஏணியின் கீழ்ப்படியை எடுத்துவிட்டு மேல்படிக்கு வெள்ளையடித்தால் யார் ஏறுவது?

இங்கேயும் பாலும் தேனும் ஓடவில்லை. ஜெர்மன் சட்டப்படி முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம்தான் பொதுவாகத் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருக்கலாம். அதற்குள் நிரந்தர இடம் கிடைக்காவிட்டால் வெளியே போக வேண்டியதுதான். 2021-இல் "நான் ஹன்னா" என்ற பெயரில் ஆய்வாளர்கள் இதை எதிர்த்துச் சமூக ஊடகத்தில் கொதித்தார்கள். 2025-இல் அமெரிக்காவில் ஆய்வு நிதியை வெட்டியபோது, சில பல்கலைக்கழகங்கள் கொடுத்த பிஎச்டி இடத்தையே திரும்ப வாங்கிக்கொண்டன. அதே ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம், ஆய்வாளர்களை இங்கே ஈர்க்க 2025 முதல் 2027 வரை 50 கோடி யூரோ என்று அறிவித்தது. காற்று திசை மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரே நாட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறேன்.

நாம் என்ன செய்யலாம்?

மாணவர்களுக்கு முதலில். படிப்பு முடிவதற்கு ஒரு வருடம் முன்பே தேட ஆரம்பியுங்கள். எராஸ்மஸ் விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் முடிந்துவிடும். ஜெர்மனிக்கான டாட் அமைப்பின் உதவித்தொகைப் பட்டியல், ஐரோப்பா முழுவதற்குமான யூராக்ஸஸ் தளம், இரண்டையும் வாரம் ஒருமுறை பாருங்கள். இரண்டுமே இலவசம். மரி கியூரி பிஎச்டி இடங்கள் யூராக்ஸஸில்தான் வரும். அதில் ஒரு விதி உண்டு. வேலை தரும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ஊரில் இருப்பதே உங்களுக்குச் சாதகம்! பேராசிரியருக்கு எழுதுவதற்கு முன் அவருடைய இரண்டு கட்டுரையாவது படியுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

நிராகரிப்பு வரும், நிறைய வரும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், ஆய்வு முடித்து வேலை தேடியபோது ஐம்பது பல்கலைக்கழகம் போல விண்ணப்பித்து எங்கும் கிடைக்காதவர். 2009-இல் நோபல் வாங்கினார்.

இப்போது என்னைப் போன்றவர்களுக்கு. நாம் விழா எடுக்கிறோம், கிரிக்கெட் டோர்னமெண்ட் நடத்துகிறோம், ஊர்க் கோயிலுக்கு நன்கொடை அனுப்புகிறோம். எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. வருடத்தில் ஒரே ஒரு மாணவர், அவ்வளவுதான் கேட்கிறேன். படித்த கல்லூரிக்கு போன் போட்டு இறுதியாண்டுப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேசுங்கள். ஒரு விண்ணப்பக் கடிதத்தைப் படித்துத் திருத்திக் கொடுங்கள். ஒரு மாதிரி நேர்காணல் வையுங்கள். நாம் தினமும் ஆபீஸில் அடுத்தவர் எழுதிய கோடைத் திருத்துகிறோமே, அந்தப் பழக்கம்தான் இதற்கும் வேண்டும். உங்கள் ஊரில் ஆய்வு செய்யும் தமிழ்ப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பேச வையுங்கள். நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவனிடம் இப்போது மாஸ்டர்ஸ் பட்டம் இருக்கிறது. அதனால் பிஎச்டி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பெர்லினிலிருந்து திரும்பியதிலிருந்து ஞாயிறு காலை வீடியோ காலில் உட்காருகிறோம். திருவாரூர்ப் பெண் தன்னுடைய பழைய கடிதத்தைக் கொடுத்து உதவினார். இதுவரை ஏழு இடத்துக்குப் போட்டிருக்கிறோம். நான்கு இடத்தில் இல்லை என்றுவிட்டார்கள், ஒன்றில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிடைக்குமா என்று தெரியாது. ஜூலை நெருங்குகிறது. சித்தி போனில், "நீ பாத்துக்கிடுவேல்லய்யா?" என்று கேட்கிறாள். இந்தக் கேள்விக்கு நான் நான்கு வருடம் முன்பே பதில் சொல்லியிருக்க வேண்டும். அன்று அரை மணி நேரம் போதுமாக இருந்திருக்கும்.

உங்களுக்கும் அப்படி ஒரு போன் வரும். புராஜெக்ட் டெலிவரி நாளில்தான் வரும். "ஏஜென்ட்கிட்ட கேளு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "சாயங்காலம் கூப்பிடுறேன்டா" என்று சொல்லுங்கள். சொன்னபடி கூப்பிடுங்கள்.