ஆடுகளத்தில் ஒருவர் சாய்ந்தால்

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே நடந்த கபடிப் போட்டியில், பாடிச் சென்ற 22 வயது மாணவர் பிடிபட்டு வீழ்ந்தார், எழ முயன்று மீண்டும் சாய்ந்தார், உயிர் பிழைக்கவில்லை. கைப்பேசிகளில் பரவிய அக்காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

திருமலைராயன்பட்டினம் முதல் கோட்டுச்சேரி வரை நம் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். கட்டான உடல் இதயத்துக்குக் காப்பு என்று நம்பியிருக்கிறோம். அது முழு உண்மை அன்று. பிறவியிலேயே தடித்த இதயத்தசை உடையவர்க்கும், மார்பில் பொல்லாத கணத்தில் அடி விழுந்தவர்க்கும் இதயத்தின் மின்னோட்டம் குலைந்து துடிப்பு நின்றுவிடக்கூடும். இது குழாய் அடைப்பால் வரும் மாரடைப்பினின்று வேறானது.

அவ்வேளையில் நாம் செய்வது என்ன? சுற்றி நின்று காற்றை மறைக்கிறோம்; முகத்தில் நீர் தெளிக்கிறோம்; கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம்; பின்னர் ஆட்டோவில் தூக்கிப் போட்டு மருத்துவமனைக்கு விரைகிறோம். அன்பினால் செய்வதே, ஆயினும் தவறு என்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அழுத்தமின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைக்கிறது. எங்கள் வாசலை அடையும்போது, எங்களால் இயன்றதன் பெரும்பகுதி கைநழுவியிருக்கும்.

2021 ஜூன் 12 அன்று கோப்பன்ஹேகனில் டென்மார்க் வீரர் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே விழுந்தார். மைதானத்திலேயே மார்பை அழுத்தினர், மின்னதிர்வு கொடுத்தனர், பிழைத்தார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் கோலும் அடித்தார். செல்வ நாட்டுக் கதை என்பார் உண்டு. மின்னதிர்வுக் கருவிக்குத்தான் பணம் வேண்டும், கைகளுக்கு வேண்டியதில்லை.

அழைத்தும் அசையாமல், இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால், ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றொருவர் உடனே தொடங்க வேண்டும். மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்துக. இடைவிட்டு இழுக்கும் மூச்சைச் சுவாசம் என்று எண்ணி நிறுத்திவிடலாகாது. விலா எலும்பு முறியுமோ என்ற அச்சம் வேண்டா. முறிந்த எலும்பு கூடிவிடும்.

போட்டி நடத்துவோரிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே. துண்டறிக்கையில் பரிசுத் தொகையும் சிறப்பு விருந்தினர் பெயரும் அச்சிடுகிறீர்கள்; இப்பயிற்சி பெற்ற இருவரின் பெயரையும் அவற்றின் கீழ்ச் சேர்க்க முடியாத போட்டி நடைபெறாதிருப்பதே நன்று என்பது எங்கள் கருத்து. பெற்றோர்க்கு ஒரு சொல்: ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளையையும், குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென இறந்திருந்தால் அவ்வீட்டுப் பிள்ளையையும், அடுத்த ஆட்டத்துக்கு முன்னரே இதயப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.